பரிகாரம் மறுத்த வீரர்

என் அருமைக் கொசுவுக்கு,

பெயரைக் கேட்டாலே மூன்று உலகங்களும் நடுங்கும் மகா மந்திரவாதியும், வார நாட்களில் லிப்ட் பழுது பார்ப்பவனுமாகிய உன் மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆட்டத்தில் என் மந்திரவாதியின் தாடி மட்டும் அவன் விட்ட நெருப்பிலேயே பாதி எரிந்துவிட்டது.

இதில் நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள் என்று என் ஸ்பேனர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம். ஆனால் கடைசி வரி வரை படி. பாதியில் கிழித்துப் போட்டால், நீ ஏறுகிற லிப்ட் எல்லாம் இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும்படி சபித்துவிடுவேன். அந்தத் துறையில் எனக்குச் செல்வாக்கு உண்டு.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்று படித்ததும் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக் கூரை இறங்கி, அவர்கள் இப்போது குனிந்துதான் நடமாடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசியும் அனுதாபமும். அம்மாவும் நானும் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியைத்தான் அக்காவும் நானும் மாற்றி மாற்றிப் படித்தோம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம், எனக்காக ஒரே ஒரு தடவை அவர் வளைந்து கொடுத்திருந்தால் நானே கூப்பிட்டிருப்பேன் என்ற வரி. அத்தானுக்கு இன்னும் தெரியாது. கடிதம் என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் கிடக்கிறது.

அன்றைக்குத் தேர்வு அறையில், காய்ச்சலோடு வந்த தோழிக்கு நீ விடைத்தாளைத் திருப்பிக் காட்டியதை மேற்பார்வைக்கு நின்ற அத்தானைத் தவிர யாரும் பார்க்கவில்லை. விசாரணையில் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்த்தேன் என்றார். உனக்கு ஒரு வருடம் போயிற்று. அவருக்கு நீ போனாய். அதற்கு நான் வக்கீலாக வரவில்லை. அன்று நான் அவரோடு போட்ட சண்டை உனக்கே தெரியும்.

ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்க நீ தொடங்கி வைத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் உங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் நடக்கிறது. இப்போது கதை நடத்துபவர், நீ போன பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பல் மருத்துவர். வாயைத் திறங்க என்று சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். அவர் அரக்கனாகப் பேசினால் எங்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது. ஆட்டத்தில் நீ எடுத்த திருடி இன்னும் உயிரோடு இருக்கிறாள். உன் பழைய கோட்டிலிருந்து விழுந்த சிவப்புப் பொத்தான்தான் இன்னமும் அவளுடைய காய். உனக்குப் பதிலாக நான் நகர்த்துகிறேன். அதை மேஜையிலிருந்து எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவர் யார் என்று நினைக்கிறாய்? பொய் சொல்லி ஜெயிக்கிற ஆட்டம் என் வீட்டில் வேண்டாம் என்று கத்தினாரே, அவரேதான். ஒருநாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, “ஒரு ஆள் குறையுதாமே” என்று உட்கார்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம், சத்தியம் காக்கும் வீரர். பொய் பேசக் கூடாது, கொடுத்த வாக்கை மீறக் கூடாது. பதிலுக்கு அவர் வாள் ஒளி வீசும், அவர் தொட்டால் காயம் ஆறும். ஒரே ஒரு பொய் சொன்னால் எல்லாம் போய்விடும். இதைக் கேட்டதும் அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கடையில் கச்சிதமான அளவில் சட்டை கிடைத்தவர் மாதிரி. அன்றிலிருந்து எங்கள் பிழைப்பு நாறிப்போயிற்று. அரக்கன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை நிற்பார். தூங்குகிற பூதத்தை எழுப்பி, முகம் கழுவ நேரம் கொடுத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார். பகடை மேஜை ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும், தனக்குச் சாதகமாக விழுந்திருந்தாலும், மறுபடி உருட்டுவார். “விளையாட்டுலகூட இந்த மனுஷன் ஒரு அங்குலம் நகர மாட்டார்” என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

இனி, யாரும் நம்பப்போகாத பகுதி.

நேற்று மதியம் ஆட்டத்தில் நாங்கள் கல்முக நீதிபதியின் கோட்டையில் மாட்டிக்கொண்டோம். நீதிபதி நாற்பது மாடி உயரம். லிப்ட் வசதி கிடையாது. அவன் மூச்சு விட்டால் மலைகள் சளி பிடித்துத் தும்மும். உன் திருடி அவன் சிறைச்சாவியைக் கிளப்பிக்கொண்டு வந்து, வீரரின் போர்வைக்குள் ஒளிந்திருந்தாள். அகப்பட்டால் தலை போகும். தலை போன காயை மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டும், மறுபடி வைக்கவே முடியாது. என்னிடம் ஒரு மந்திரமும் மிச்சமில்லை.

பல் மருத்துவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே, நீதிபதியின் குரலில் கேட்டார்: “வீரரே, அந்தத் திருடியைப் பார்த்தீரா?”

பாவம், பழைய கதை மருத்துவருக்கு என்ன தெரியும். பிஸ்கட் தட்டோடு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் ஏதாவது கிண்டல் செய்து பேச்சை மாற்றலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அத்தான் பகடையை எடுத்து, உருட்டிடவா என்று கேட்டார். “இதுக்குப் பகடை இல்ல சார். பொய் எடுபடுமான்னு மத்தவங்கதான் உருட்டணும். உங்க வீரர் பேச்சை எல்லாரும் அப்படியே நம்புவாங்க. நீங்க வாயால சொல்றதுதான்” என்றார் மருத்துவர். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று அத்தான் கேட்டார். பார்த்ததாக நீதிபதி எடுத்துக்கொள்வான் என்றார் மருத்துவர். அத்தான் பகடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“பார்க்கல” என்றார்.

மருத்துவர் பதறிப்போய், சத்தியம் ஞாபகம் இருக்கிறதா, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். “பார்க்கலைன்னு சொன்னேன் சார்.”

அந்த நொடியில் வானம் இரண்டாகப் பிளந்தது. ஏழு கடலும் பொங்கி வந்து அக்காவின் மிதியடியை நனைத்தன. மருத்துவர் மயங்கி விழுந்து மூன்று யுகம் கழித்து எழுந்தார். யாரும் சொல்வதற்கு முன்பே அத்தான் ரப்பரை எடுத்து, தன் தாளிலிருந்து வாளின் ஒளி, ஆற்றும் கை, எல்லாவற்றையும் தானே அழித்து, தூளை ஊதிவிட்டார். அக்கா தட்டை வைத்துவிட்டு, நீ போன நாளிலிருந்து உட்காராத அவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

மருத்துவர் நல்ல மனுஷர். இதற்குப் பரிகாரம் உண்டு, மலை உச்சிக்குப் போய் சொன்ன பொய்க்கு வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒளி திரும்பிவிடும் என்றார். அத்தான் தலையாட்டி மறுத்தார். “வருத்தம் இருந்தாத்தானே பரிகாரம்? எனக்கு வருத்தம் இல்ல. இல்லாததை இருக்குன்னு சொன்னா அது ரெண்டாவது பொய்.” ஆகவே இனி அவர் வெறும் ஆள், எங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருகிறார். “வளைஞ்சாலும் நேராத்தான் வளைவார்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அது வெறும் ஆட்டம்தானே, நிஜத்தில் கேட்டபோது வேறு பதில்தானே சொன்னார் என்று நீ கேட்கலாம். கேள். உன் கடிதத்தை அவரிடம் நான் காட்டவும் மாட்டேன். அது உன் பேச்சு. கல்யாணத்துக்கு எத்தனை நாற்காலி போட வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அந்தக் கணக்கை நீயே போடு. போட்ட பிறகு, கடிதத்தை என் பெயருக்கு அனுப்பாமல் உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்பு. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நிற்பவர் அங்கே ஒருவர்தான்.

கடைசி வரி வரை வந்துவிட்டதால் ஒப்புக்கொள்கிறேன். வானம் பிளக்கவில்லை. கடல் பொங்கவில்லை. கீழ்வீட்டுக் கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாற்பது மாடி நீதிபதி, இருமல் மருந்து பாட்டிலின் மூடி. ஆனால் “பார்க்கல” என்று சொன்னபோது, உன் சிவப்புப் பொத்தானை அவர் உள்ளங்கை மூடியிருந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, கொசு.

பாதித் தாடியோடு,
உன் மாமா