டெனிஸ் டொலனை விசாரித்த அப்பாவுக்கு

என்னைப் பெற்றதோடு நில்லாமல் என் மாப்பிள்ளையின் முப்பாட்டனுக்கும் முப்பாட்டனைத் தேடிப் பிடித்த என் செல்ல அப்பாவுக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். போன இடத்தில் இந்நேரம் யார் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று எல்லாரையும் கேட்டு முடித்திருப்பீர்கள். சிறகு முளைத்த சம்மனசுகளைக்கூட விட்டிருக்க மாட்டீர்கள்.

இங்கே உங்கள் ஆண்டுப் பூசை முடிந்தது. பனி கரைந்துவிட்டது. அம்மா பின்வளவில் கத்தரிக் கன்று வைக்கப் போகிறேன் என்று மண் மூட்டை வாங்கி வைத்திருக்கிறார். நான் மல்வேர்னில் அதே பஸ்தான் ஓட்டுகிறேன். நீங்கள் வந்து இருக்கிற அந்த முன் சீற்றில் வயதானவர் யாராவது குந்தினால், கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்வேன். நீங்கள் இல்லையென்று தெரியும். ஆனாலும் பார்ப்பேன்.

உங்களுக்கு ஒரு பெரிய செய்தி வைத்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முதலில் பழையதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

ரொறன்ரோவில் எங்களுடைய சனத்துக்குள் ஒரு கலியாணப் பேச்சு எழும்பினால் உங்களுக்குத்தான் ரெலிபோன் வரும். “சேவியர் அண்ணை, பொடியன் நல்லவனாம். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ.” தொழிற்சாலையில் ஷிப்ற் முடித்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே மாடிப்படியில் இருந்து தொடங்குவீர்கள். லண்டனில் ஒருவர், பாரிஸில் ஒருவர், கடைசியாக ஊரில் கோயிலடியில் ஒருவர். தகப்பன் குடிப்பாரா, தாய் வாய்க்காரியா, தமக்கை ஏன் புருஷனை விட்டுவிட்டு வந்தவர், எல்லாம் வந்து சேரும். சாதியும் வரும். அதைக் கேட்கும்போது மட்டும், “எங்கட ஆக்களோ?” என்று குரலைத் தாழ்த்துவீர்கள். அந்தத் தாழ்ந்த குரல் எனக்குப் பிடிப்பதில்லை. அதை உங்கள் முகத்துக்கு நேரேயே சொல்லியும் இருக்கிறேன். “உனக்கு உதுகள் விளங்காது” என்றுவிட்டு அடுத்த நம்பரை அடிப்பீர்கள்.

விசாரிப்பு முடியும்வரை யாருக்கும் வாய் திறக்க மாட்டீர்கள். அரைகுறையாகச் சொன்னால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை பாழாகிவிடும் என்பீர்கள். திருப்தி என்றால், அம்மா சுட்ட பயத்தம் பணியாரத்தை ஒரு பிஸ்கற் ரின்னில் அடுக்கி, மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே கொண்டுபோவீர்கள். திருப்தி இல்லையென்றால் பேச்சே இராது. வாசலில் உங்கள் கார் நின்று, நீங்கள் ரின்னோடு இறங்கினால் ஓம். நீங்கள் மௌனமாகிவிட்டால் இல்லை. மல்வேர்னிலிருந்து மார்க்கம் வரைக்கும் இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அப்படிப்பட்ட மனுஷனின் ஒரே மகள், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிற ரையன் கூப்பரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

நீங்கள் சத்தம் போடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, உங்கள் தொழிற்சாலை இங்கிலீசில் அவனைக் கேட்டீர்கள், உங்கள் ஆட்கள் எவ்விடம் என்று. பீற்றர்பரோ என்றான். அதற்கு முதல்? பென்சில்வேனியா என்று அம்மா சொல்லுவார் என்றான். அதற்கு முதல்? அவன் சிரித்துவிட்டான். அமெரிக்கா இங்கிலாந்து ராசாவின் கையில் இருந்த காலத்தில் அயர்லாந்திலிருந்து ஒரு கூப்பர் கப்பலில் வந்தாராம், பெரிய நிலக்காரக் கனவானாம், அதற்கு மேலே யாருக்கும் தெரியாதாம்.

அவன் போன பிறகு குசினிக்குள் அம்மாவிடம் நீங்கள் பட்ட கவலை இன்னும் என் காதுக்குள் நிற்கிறது. “பொடியன் பாக்க நல்லவன்தான். ஆனா வெள்ளைக்காரரில நான் ஆரைப் பிடிச்சு விசாரிக்கிறது?”

பிடித்தீர்கள். நூலகத்துப் பிள்ளைகளின் உதவியோடு கம்பியூட்டரில் துழாவி, பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூரில் பழைய குடும்பங்களின் விபரம் தேடிக் கொடுக்கிற மார்த்தா என்கிற மனுஷியின் நம்பரை எடுத்தீர்கள். நீங்கள் முதல்தரம் எடுத்தபோது நான் பக்கத்து அறையில் நின்றேன். “மடம், ஐ ஆம் கோலிங் அபவுட் எ மேரேஜ் ப்ரொபோசல்.” எனக்குச் சிரிப்பை அடக்க வழியில்லாமல் தலையணையைக் கடித்தேன். அந்த மனுஷி என்ன நினைத்திருப்பார்?

அதன்பிறகு கிழமைக்குக் கிழமை பேசினீர்கள். முதலில் எங்களுக்கும் கேட்க. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு. இலையுதிர் காலம் முடிகிற நேரம் வீட்டில் அந்தப் பேச்சே நின்றது. சாப்பாட்டு மேசையில் ரையனின் பெயரையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லுகிற ஆளா நீங்கள்? தை மாதத்தில் ஒரு காலை, பனி வழிக்கிற சவளோடு வாசலில் விழுந்தீர்கள். அம்புலன்ஸ் வந்தபோது உங்கள் கை என் கைக்குள் இருந்தது, சூடாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவுதான்.

உங்களுடைய ஓம் என்ன, இல்லை என்ன என்று தெரியாமலே உங்களை அடக்கம் செய்தோம்.

“அப்பா ஓம் எண்டு சொல்லேல்லைப் பிள்ளை” என்றார் அம்மா. “அவற்ர வாயால வராத கலியாணத்துக்கு நான் எப்பிடி நாள் வைக்கிறது? ஏதோ பிழையாத்தான் கண்டிருக்கிறார். இல்லாட்டி இப்பிடி வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பாரே?”

எனக்கு நாற்பது வரப் போகிறது. எண்பது சனத்தை ஏற்றிக்கொண்டு உறைபனியில் பஸ் ஓட்டுகிறவள். யாருடைய அனுமதி எனக்குத் தேவை என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். ஆனால் ரையன் நாள் குறிப்போமா என்று கேட்கிற நேரமெல்லாம், ஆண்டுப் பூசை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உங்களுக்குப் பிடிக்காமல்தான் போய்ச் சேர்ந்தீர்களோ என்கிற நினைப்பு, சப்பாத்துக்குள் கல் மாதிரி, நடக்கிற நேரமெல்லாம் குத்தியது.

இதற்குள் அம்மாவின் நூல் ரின் வேறு காணாமல் போயிருந்தது. உங்களுக்கு நினைவிருக்கும். சென் ஜேம்ஸ் ரவுண் அபார்ட்மென்றில் நீங்கள் இருவரும் கழித்த முதல் மார்கழி நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய பிஸ்கற் ரின், மூடியில் குதிரை வண்டி, ஒரு மூலை நெளிந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு பார்த்தால் நூலும் பொத்தானும் ஒரு ஷொப்பிங் பையில் கிடக்கின்றன, ரின் இல்லை. “நீதான் எங்கையோ எறிஞ்சுபோட்டாய்” என்று வருஷம் முழுக்க எனக்குத்தான் பேச்சு.

பூசை முடிந்த கிழமை, வருஷம் முழுக்க அணைத்து வைத்திருந்த உங்கள் ரெலிபோனிலிருந்து மார்த்தாவின் நம்பரை எடுத்து அழைத்தேன். உங்கள் மகள் என்றேன், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்றேன்.  மார்த்தா, இவ்வளவு காலமும் உங்கள் நம்பருக்கு எடுத்துப் பார்த்ததாகவும், நீங்கள் தன்னை மறந்துவிட்டதாக நினைத்ததாகவும் சொன்னார். அப்பா என்ன கண்டுபிடித்தார் என்று கேட்டேன். அது ரெலிபோனில் சொல்கிற கதையில்லை, கல்லறைக் கல்லைப் பார்த்துவிட்டுப் பேசுவோம், வாருங்கள் என்றார். 

போன மாத நீண்ட வாரவிடுமுறையில் புறப்பட்டோம். ரையன் கார் ஓட்டினான். அம்மா பின் சீற்றில் செபமாலையும் ஒரு பெட்டி மீன் றோல்ஸுமாக இருந்தார். எல்லைப் பாலத்தில் அதிகாரி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்க, அம்மா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். “கலியாணம் விசாரிக்கப் போறம் எண்டு சொல்லு.” ஊர் பார்க்க என்று சொன்னேன்.

மார்த்தா உங்களைவிட மூத்தவர். ஊன்றுகோலோடு முன்னே நடந்து, புல் மண்டிய சேமக்காலையில் ஒரு சாய்ந்த கல்லைக் காட்டினார். ஜோன் கூப்பர் என்று பெரிதாக இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் சின்ன எழுத்தில், அயர்லாந்தில் பிறந்த டெனிஸ் டொலன்.

கதையை அவர் அங்கேயே நின்று சொன்னார். கனவானாவது, நிலமாவது. டெனிஸ் டொலன் மீசை முளைக்காத வயதில் கப்பலேறியவன். கப்பற் கூலிக்கு வழியில்லாததால், கரை சேர்ந்ததும் ஒரு தோல் பதனிடுகிற முதலாளிக்கு அவனை வருஷக்கணக்கில் எழுதி விற்றிருக்கிறார்கள். அடி தாங்காமல் ஓடியிருக்கிறான். பிடித்துத் தருவோருக்குச் சன்மானம் என்று முதலாளி பத்திரிகையில் போட்டிருக்கிறார். அவன் மலை தாண்டி வந்து, செத்துப்போன ஒருவனின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரிலேயே கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பெயரிலேயே கண்ணை மூடியிருக்கிறான். இனிப் பயப்பட ஆளில்லை என்றானபிறகு பிள்ளைகள் அவனுடைய சொந்தப் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் பிறகு வடக்கே ஏறிக் கனடாவுக்கு வந்தவன்.

நான் ஒவ்வொன்றாக அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மாவின் முகம் இருண்டுகொண்டே போனது. “கள்ளப் பேரிலயோ இருந்தவர்?” என்று கேட்டார். ரையன் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். நான் மனதுக்குள் கணக்கு முடித்துவிட்டேன். இதுதான் உங்கள் மௌனம். விற்கப்பட்டவன், ஓடினவன், பெயர் மாற்றினவன். எந்த விசாரிப்பில் இது தேறும்?

திரும்பி மார்த்தாவின் வீட்டுக் குசினிக்குள் போய் இருந்தோம். மார்த்தா தேத்தண்ணி வைக்கக் கேத்திலை எடுத்தார். அம்மா திடீரென்று கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார்.

“இது என்ர ரின்!”

அடுப்புக்கு மேல் தட்டில் இருந்தது, அப்பா. குதிரை வண்டி போட்ட மூடி. நெளிந்த மூலை.

யாரும் எதுவும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். மற்றவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் கடையில் வாங்கின ரின். எனக்கு வீட்டு ரின்.

மார்த்தா பிறகு சொன்னார். நத்தாருக்கு முதற் கிழமைதான் பார்சல் வந்ததாம். உள்ளே மாவில் செய்த உருண்டைப் பலகாரமாம். நீங்கள் ரெலிபோன் எடுத்து, “எனக்கு மாப்பிள்ளையின் ஊரில் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான், ஆகவே மாப்பிள்ளை வீடு நீங்கள்தான்” என்றீர்களாம். முதல் பணியாரத்தை வீட்டுக்கு மூத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்றீர்களாம். அவர் அதைக் கொண்டுபோய் டெனிஸின் கல்லில் வைத்தாராம். குருவிகள் தின்றனவாம். மகளுக்கு எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அயர்லாந்தில் எவ்விடம் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அது தெரிந்ததும் முழுதாகச் சொல்லுவேன் என்றீர்களாம்.

டெனிஸ் பெயர் மாற்றிய கதையைக் கேட்டபோது நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்களாமே. பிறகு, யாரோ ஒருவரின் பாஸ்போட்டில், யாரோ ஒருவரின் பெயரில், அந்தப் பெயரைத் தூக்கத்திலும் மறக்காமல் பாடமாக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதை அந்த மனுஷிக்குச் சொன்னீர்களாம். எனக்குச் சொன்னதில்லையே, அப்பா. காணாத ஒரு வெள்ளைக்கார மனுஷிக்குச் சொல்ல முடிந்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை? கோபமாகத்தான் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

கதையின் முடிவில் இரண்டு தமிழ்ச் சொல்லை அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்தீர்களாம். மார்த்தா கேத்திலைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னார். “எங்கட ஆக்கள்.”

அப்பா, வாழ்நாள் முழுக்க நீங்கள் குரலைத் தாழ்த்திச் சொன்ன சொல் அது. அவர் அதை உரத்துச் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். ரையனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அவனும் அழுதான்.

அம்மாதான் முதலில் தெளிந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடைப் பணியாரத்தையே வாங்கி அனுப்பினவர்? என்னட்டைச் சொல்லியிருந்தா நான் சுட்டுத் தந்திருக்க மாட்டனே? உவருக்கு எப்பவும் அவசரம்” என்று உங்களைத் திட்டினார். பிறகு ரையனைப் பார்த்தார். “சரி, தம்பியின்ர அம்மாட்டைச் சொல்லுங்கோ. ஆவணியில நாள் பாப்பம்.”

ஆவணியில்தான், அப்பா. இதுதான் அந்தப் பெரிய செய்தி. மார்த்தா வருகிறார், கோயிலில் மாப்பிள்ளை பக்கத்து முதல் வரிசை வாங்கில் இருப்பார். ரையனின் அம்மா இப்போது கனவான் கதையை விட்டுவிட்டு, ஓடிப்போன டொலனின் கதையைத்தான் எல்லாருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிகிறார்.

நீங்கள் விட்ட இடத்தில் ஒரு கேள்வி மிச்சமாக நிற்கிறது. அதற்கு முதல்? கலியாணம் முடிந்ததும் நானும் ரையனும் அயர்லாந்துக்குப் போகிறோம். டொலன் என்கிற பெயருள்ள வீடு வீடாகக் கதவைத் தட்டி நான் விசாரிப்பேன். அம்மா சுட்ட பணியாரத்தை அந்தக் குதிரை வண்டி ரின்னில் முதலே அடுக்கிக் கொண்டுதான் போவேன். அவர்கள் யாராக இருந்தாலும், என்ன வேலை செய்தவர்களாக இருந்தாலும், குரலைத் தாழ்த்தாமல் கேட்பேன். என்ன பதில் வந்தாலும் ரின்னைக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன். இது சத்தியம்.

எங்கட ஆக்களில் ஒருத்தி,
உங்கள் மகள்,
ஜெனிற்றா