தொட்டியில் நான் கொட்டிய பவுடர்

கொமரலிங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்று காலை திரும்பினேன். குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் நெடி. நான் இல்லாத நேரத்தில் யாரோ தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். "இன்னிக்குத்தானுங்க தண்ணி சுத்தமா வருது" என்றாள் என் மனைவி. எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கி, திருடனைப் பார்ப்பதுபோல் முறைக்கும் முகம்.

எதிர்வீட்டில் குடியிருந்து சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்த உங்களுக்கு எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. நம் பத்து லைன் வீடுகளின் பொதுத் தொட்டிக்குப் பவுடர் போடும் பெரும்பதவி என்னிடம். துணி வெளுத்துப் பழகிய கை. அடியில் சேறும் இலைக் குப்பையும் கிடக்க, இரட்டிப்பாகக் கொட்டுவேன். நெடி அடித்தால்தான் பத்து வீட்டிலும் எனக்கு மரியாதை.

"வே, அழுக்கு மேல பவுடரக் கொட்டுனா ரெண்டும் கூடிப் புதுசா ஒண்ணு பொறக்கும். வருசக்கணக்காக் குடிச்சா மூத்திரப்பைக்கு ஆவாது" என்று எச்சரித்தீர்கள்.

"ஏனுங்க, பவுடர் கடைக்காரரோட ஏதாச்சும் சண்டைங்களா?" என்றேன். அதையே தெரு முழுக்கப் பரப்பவும் செய்தேன். பிறகு பிரௌசிங் சென்டரில் ரகசியமாகத் தேடினால், நீங்கள் சொன்னது வாயில் நுழையாத பெயரோடு அங்கே இருந்தது. பயத்தில் பவுடரையே நிறுத்திவிட்டேன். நாலாம் நாள் லைன் முழுக்க வயிற்றுப்போக்கு, கழிப்பறை வாசலில் வரிசை. முதல் ஆள் நான், மூன்றாவது நீங்கள்.

"கோட்டிக்கார மனுசா! பவுடர நிறுத்தவா சொன்னேன்? தொட்டியக் கழுவும், தண்ணியத் தெளிய விடும், பொறவு அளவாப் போடும்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டே கத்தினீர்கள். மறுநாள் லேபிலிருந்து ஓர் அளவுக் கரண்டியும் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

இரண்டு மாதம் கழுவினேன். அப்புறம் சோம்பல், பழைய இரட்டிப்பு.

சில வருடங்களில் உங்களுக்குச் சிறுநீரில் ரத்தம். மூத்திரப்பையில் புற்று என்றார்கள். டாக்டரை ஓரம் கட்டி, "தண்ணியாலீங்களா?" என்று கேட்டேன். "சாயப்பட்டறை இருக்குது, பீடி இருக்குது, தண்ணியும் இருக்கலாம். இதுதான்னு எப்படிங்க சொல்றது?" என்றார். உங்கள் கட்டிலருகே வந்து, கழுவாமல் இரட்டிப்பாகக் கொட்டியதை ஒப்புக்கொண்டேன்.

"நெடியிலயே தெரியும்வே," என்று சிரித்தீர்கள். "பட்டறைய விட்டுட்டு உம்ம ஒருத்தர மட்டும் எப்படிச் சந்தேகப்பட?"

நீங்கள் போய்ச் சேரும் முன்பே என்னை மன்னித்து விட்டுவிட்டீர்கள். நான் என்னை இன்னும் விடவில்லை; அன்றிலிருந்து அளவாகத்தான் போட்டுவந்தேன்.

இன்று தொட்டியைக் காலி செய்து, பத்து வீட்டுத் திட்டும் வாங்கிக்கொண்டு, உள்ளே இறங்கித் தேய்த்தேன். புதுத் தண்ணீர் தெளிந்த பிறகு உங்கள் கரண்டியால் அளந்து போட்டேன்.

"பவுடர் போட்டீங்களா இல்லீங்களா? நெடியே காணோமுங்க!" என்று பக்கத்து வீட்டம்மா என்னைச் சந்தேகமாய்ப் பார்க்கிறார்.

பார்க்கட்டும்.