புளி போட்டுத் தேய்த்த கூஜா

அன்புள்ள அம்மாவுக்கு ஜின்சி எழுதுவது. இயேசுவுக்கே புகழ். சின்னக்கானல் குளிரில் உங்கள் முழங்கால் வலி கூடிவிட்டதா? ஷார்ஜாவில் நான் நலம்.

சிரிக்காதீர்கள், பழம்பொருள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் வாங்கியது ஒரு பித்தளைக் கூஜா. கறுத்துக் கிடக்கிறதே என்று, கிறிஸ்துமஸுக்கு நீங்கள் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, விற்ற கடைக்காரரிடமே காட்டினேன். அந்தக் கடைக்காரர், பாலக்காட்டு ராக்கப்பண்ணன், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கறுப்புக்குத்தானுங்க மதிப்பே! எத்தன பேரு கை பட்டு வந்தது, ஒரே நாள்ல கழுவிப்போட்டீங்களே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இங்கிருந்து லீவில் ஊருக்கு வரும் ஜோஜோ அண்ணன் திரும்பும்போது அவரிடம் கொஞ்சம் ஏலக்காய் கொடுத்துவிடுங்கள். அப்பா தவறியபின் பரணில் ஏற்றிய அவருடைய பித்தளைத் தூக்குவாளியையும் கொடுங்கள். டியூட்டிக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது. தூக்கைத் துலக்கிவிடாதீர்கள் அம்மா. அதன் கைப்பிடியில் அப்பா கை இருக்கிறது.

உங்கள் ஜின்சி