ஒற்றைக் கொலுசு இறுகிய நாள்

அன்புள்ள பெரிய செல்விக்கு,

உன்னை நான் ஒருநாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஏழு நிமிடம் முன்னால் பிறந்தவளுக்கு என்ன அக்கா பட்டம் என்ற திமிர்தான். அப்பா நமக்குத் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்று வைத்த பெயர்களை ஊர் வெட்டிப் பெரிய செல்வி, சின்ன செல்வி என்று ஆக்கிவிட்டது. நீ போன பிறகும் என்னைச் சின்ன செல்வி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்படிக் கூப்பிடும்போது பெரியவள் பக்கத்தில் எங்கோ இருப்பதுபோல் தோன்றும். திரும்பிப் பார்ப்பதில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. நான் சாப்பிடுகிறேன், அங்கன்வாடிக்குப் போகிறேன், பிள்ளைகளுக்கு எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. உன்னைக் கிடத்தியிருந்தபோதும் வரவில்லை. "கூடப் பொறந்தவ கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துக் கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இரட்டையாகப் பிறந்தவர்கள் நீவிவிட்டால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது பூலாம்பாடியில் எல்லோருக்கும் தெரிந்த சேதி. நமக்குத்தான் கடைசியில் தெரிந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே, வெங்காய மூட்டை தூக்கிக் கழுத்துப் பிடித்தவர்கள் நம் வீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று எண்ணெய் தொட்டு நீவுவோம். உனக்குச் சிரிப்பு வந்தால் எனக்கும் வந்துவிடும், அப்பா முறைப்பார். எது நரம்பு, எது எலும்பு என்று நமக்கு என்ன தெரியும்? ஒரே வயிற்றில் ஒன்றாக இருந்தோம் என்பதுதான் நம் படிப்பு. ஆனாலும் சரியாகிவிட்டது என்று வந்து சொன்னார்கள். சரியாகாதவர்கள் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் உன் மகள் நித்யா பெங்களூரிலிருந்து ஷூ வாங்கி அனுப்பினாள். புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு பெரம்பலூரில் எப்படி நடப்பது என்று ஒரு வாரம் என்னிடம் போனில் புலம்பினாய். பிறகு நடந்தாய், சர்க்கரையும் குறைந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் நாலு பேர் உன்னோடு சேர்ந்துகொண்டார்கள். மூட்டுவலிக்காரர்கள் நடக்கலாமா, வெறும் வயிற்றில் நடக்கலாமா, நடந்ததும் டீ குடிக்கலாமா, மூச்சு வாங்கினால் நல்லதா கெட்டதா என்று வழியெல்லாம் கேள்வி கேட்பார்களாமே. எல்லாவற்றுக்கும் நீயே பெரிய டாக்டர் மாதிரி பதில் சொல்வாயாம். உன் கால் வலித்தபோது மட்டும் நீ யாரைக் கேட்டாய்? என்னைக் கேட்டாய்.

நித்யாவின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டுப் பகல் பஸ்ஸில் திரும்பி வந்தாய். ஏழு மணி நேரம், ஜன்னல் சீட், மடியில் பை. ஹோட்டலில் நிறுத்தியபோதும் நீ இறங்கவில்லை. பாத்ரூம் போக வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. இதையெல்லாம் நீயே பெருமையாகச் சொன்னாய். வந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டாய்.

"ரொம்ப நாள் கழிச்சு வாக்கிங் போனேன்ல, சுளுக்கிக்கிச்சு. நீவி வுடுடி" என்று காலைத் தூக்கி என் மடியில் வைத்தாய். உனக்கு நான், எனக்கு நீ, அதுதானே வழக்கம்? விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்து வந்தேன். இடது கொலுசு கழலவில்லை, அவ்வளவு இறுகியிருந்தது. மகள் வீட்டுச் சாப்பாடு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று கிண்டல் பண்ணிக்கொண்டே சோப்பு போட்டுக் கழற்றினேன். நீயும் சிரித்தாய். வலது காலில் கொலுசு தொளதொளவென்று கிடந்தது. அதை இரண்டு பேருமே பார்த்தோம். சதை போட்டால் இரண்டு காலிலும்தானே போடும்? அது ஏன் நமக்குத் தோன்றவில்லை?

உன் கால் சூடாக இருந்தது. எண்ணெயின் சூடு என்று நினைத்துக்கொண்டேன். எங்கே மடங்கியது, எப்போது பிசகியது என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எங்கேயும் மடங்கவில்லை என்று சொல்லியிருப்பாய். பிசகாத காலில் சுளுக்கு எங்கிருந்து வரும்? அரை மணி நேரம் நீவினேன். நீ இன்னும் அழுத்தச் சொன்னாய், நானும் அழுத்தினேன். முடிந்ததும் கூடத்தில் இரண்டு நடை நடந்து பார்த்துவிட்டு, "வுட்டுப்போச்சுடி" என்றாய். கழற்றி வைத்த கொலுசை மறந்துவிட்டு, ஒரு காலில் மட்டும் கொலுசோடு பஸ் ஏறினாய்.

மறுநாள் காலை உன் வீட்டுக்காரர், மாமா போன் பண்ணினார். குளித்துவிட்டு வந்த நீ மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்துவிட்டாயாம். நான் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நகர்ந்து போய் நுரையீரலை அடைத்திருக்கும் என்றார் டாக்டர். பிறகு எங்களைப் பொதுவாகப் பார்த்து, காலை யாராவது நீவிவிட்டீர்களா என்று கேட்டார்.

"இல்லைங்க சார்" என்றேன்.

என் கையில் விளக்கெண்ணெய் வாசம் அப்போதும் இருந்தது. நீ எதற்காக என் வீட்டுக்கு வந்தாய் என்று மாமாவுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். இன்றுவரை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

போனவள் போய்விட்டாள், இந்தப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். நஷ்டம் நித்யாவுக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. காரியம் முடிந்த அன்று உன் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான்தான் சித்தி நடக்கச் சொன்னேன். நடந்துதான் அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை. பெங்களூருக்குத் திரும்பிப் போனவள் வாசலைத் தாண்டுவதில்லையாம். பிரசவம் பார்த்த டாக்டர் அவளையும் தினம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருக்கிறாராம், மாட்டேன் என்கிறாளாம். உன் பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஊரில் இப்போது வேறு ஒரு கேள்வி ஓடுகிறது. ரெட்டையில ஒண்ணு போயிட்டா கை பலிக்குமா? என்னிடம் யாரும் நேராகக் கேட்பதில்லை, தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் மேலத்தெரு ராசாத்தி அக்கா மட்டும், கை அதே கைதானே, நீவி விடு என்று காலை நீட்டிவிட்டாள். எனக்குக் கை எழவில்லை. எங்கே மடங்கியது, ஒரு காலில் மட்டும் வீக்கமா, சூடாக இருக்கிறதா, நெடுந்தூரம் உட்கார்ந்து வந்தாயா என்று வரிசையாகக் கேட்டேன். தையல் டேப்பை எடுத்து இரண்டு காலையும் அளந்தேன். பிள்ளைகளின் கையை அளக்கிற நாடா தினமும் என் பையில்தான் கிடக்கிறது, செல்வி. உன் காலை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அது உன் காலுக்கு எட்டாது என்பது வேறு விஷயம். ராசாத்தி அக்காவுக்கு வரப்பில் கால் மடங்கிய சாதாரண சுளுக்குதான். ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னதும், நீவ மறந்துபோச்சுன்னு சொல்லேன் என்று கோபித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே போனாள்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு அதே டாக்டரைப் பார்க்கப் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு என்ன என்று கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை, அன்றைக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்றேன். அவருக்கு உன் முகம் ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீவாம இருந்தாலும் நகர்ந்திருக்கலாம். நீவுனதுல நகர்ந்தும் இருக்கலாம். அத இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

நடந்ததால் வந்ததா என்று கேட்டேன். நடை அதற்குக் காரணமில்லை, அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து வந்ததில் கட்டியிருக்கலாம் என்றார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் யாரும் கை வைக்காமல் உடனே கூட்டிவரச் சொன்னார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் இடம் இருந்தும் பூலாம்பாடி வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கொலுசைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், டாக்டரிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். உன் ஷூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் பையன் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க நீவுனப்புறம் அம்மாவுக்கு வலி வுட்டுச்சா சித்தி?"

"வுட்டுப்போச்சுன்னு சொன்னா."

"சரி சித்தி" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. நேற்று மாமாதான் சொன்னார், சாயங்காலம் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து போய் வருகிறாளாம்.

உன் இடது கொலுசு என்னிடம் இருக்கிறது. வலதை ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்தார்கள், அது இப்போது நித்யாவிடம் இருக்கிறது. அடுத்த மாதம் லீவு கிடைத்ததும் பெங்களூருக்குப் போய் ஜோடியைச் சேர்த்துவிட்டு வருகிறேன். அவள் கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி. போகிற வழியில் பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் உனக்காக இறங்கி நடப்பேன். உன்னிடம் கேட்காமல் விட்டதைக் கேட்காமல், இனி ஒருவர் காலையும் தொட மாட்டேன்.

ஏழு நிமிடம் கழித்து வந்தவள், இன்னும் வந்து சேராதவள்,
உன் தங்கச்சி,
சின்ன செல்வி