அந்த ‘ஐ’ யார்?

தை மாதம், புதன் இரவு.

இன்று ரிப்போர்ட்டட் ஸ்பீச் பாடம். வீட்டில் யாராவது சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். கயல்விழி எழுந்தாள். “மை ஃபாதர் செட் தட் ஐ வுட் நாட் கம் டுமாரோ.”

நாளை பெற்றோர் கூட்டம். அப்பா வரமாட்டாராம், தமிழில் சொல்வதுபோலவே ‘நான்’ போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். “ஐ இல்ல, ஹி!” வகுப்பையே கத்தவைத்தேன். பெரிய திருத்தம்!

மணி அடித்ததும் அருகில் வந்தாள். “நான் சொன்னது சரிதான் மிஸ். மழையில சம்பா போயிடுச்சு. காலைல என்னை வேலைக்கு ஏத்திட்டுப் போக திருப்பூர் மில்லு வேன் வருது. நான்தான் வர மாட்டேன்.”



அவள் ஊர் கீழ்வேளூருக்கு முதல் பஸ் எப்போது? வேனுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அவள் அப்பா சொன்னதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.