வெறுங்குழாயில் வந்த மீன்

அடியே,

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு சோதனைக்குழாயை என்னிடம் நீட்டினாள். கையில் எலுமிச்சை மணம். முகத்துவாரக்குப்பத்துக்காரி, விடிந்ததும் வீட்டில் மீன் ஆய்ந்துவிட்டு, கவிச்சை போக எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பாய்?

சேர்ந்த புதிதில் நீயும் இப்படித்தான். காசிமேட்டில் அம்மாவின் மீன்கூடைக்குக் கைகொடுத்துவிட்டு, திருவொற்றியூருக்கு பஸ் பிடித்து வந்து, நம் பரிசோதனைக்கூடத்துக் குழாயடியில் தோல் தீரும்வரை தேய்ப்பாய். பக்கத்து மேசை நான், காலடிப்பேட்டை மளிகைக்கடைக்காரர் மகள். எங்கள் வீட்டுத் திருநெல்வேலி வழக்கத்தில் "ஏட்டி" என்று கூப்பிட்டால், "இன்னாடி, ஆட்ட மேய்க்கிற மாரி கூப்புடுற?" என்பாய்.

ஓட்டல்களும் ஏற்றுமதிக் கம்பெனிகளும் அனுப்பும் மீன் துண்டு, பெட்டியில் எழுதியிருக்கும் மீன்தானா என்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்வது நம் வேலை. தலையும் செதிலும் போன வெள்ளைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "மூஞ்சி போனா இன்னா, உள்ளார பேரு கீது" என்பாய். இதைவிடச் சுருக்கமாக இந்த வேலையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஒவ்வொரு முறையும் மீனே போடாமல், தண்ணீர் மட்டும் ஊற்றி ஒரு வெறுங்குழாய் வைப்போமே. அதில் ஒன்றும் தெரியக்கூடாது. தெரிந்தால் எங்கிருந்தோ மீன் கலந்துவிட்டது என்று அர்த்தம்; அன்றைய வேலை முழுக்கக் குப்பைக்குப் போகும். ஒரு வாரம் அந்தக் குழாயில், மீன் இருப்பதைக் காட்டும் ஒளிக்கோடு திரும்பத் திரும்ப விழுந்தது. எல்லார் கண்ணும் உன் கைக்குப் போயிற்று. கையுறை போட்டிருந்தும்தான். மீன் விற்கிறவள் மகள் இருக்கும்போது வேறு யாரைப் பார்ப்பார்கள்? சாயங்காலம் மேலதிகாரி தன்மையாகத்தான் சொன்னார்: "நாளையிலேர்ந்து நீ வரவேற்பு மேசையைப் பார்த்துக்கோம்மா."

வீட்டில் முதல் பட்டதாரி நீ. அந்தக் குழாய்களுக்கு முன்னால் உட்கார என்ன பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் அழுகை வந்தது, உனக்கு வரவில்லை.

"போறேன் சார். மொதல்ல அது இன்னா மீனுன்னு பாருங்க. எங்க வூட்ல சங்கரா. அம்மா கூடையில நெத்திலி, கானாங்கத்த. இதுல ஒண்ணு வந்துச்சுன்னா நானே எய்ந்து போய்க்கிறேன்."

உண்மையிலேயே சங்கரா வந்துவிட்டால்? வேலையே போய்விடுமே. நீயோ முடிவு வரும்வரை டீயும் பன்னுமாக வெளுத்துக்கட்டினாய்.

முடிவு வந்தது. பாசா. வெளிநாட்டில் வளர்த்து, உறையவைத்து இங்கே அனுப்பும் நன்னீர் மீன். ஒரு ஓட்டல் கொடுவா என்று எழுதி அனுப்பிய பெட்டிக்குள் அதுதான் இருந்தது. அந்தத் துண்டை வெட்டியவர் மேலதிகாரி. அதே கையோடு, வெறுங்குழாய்க்கு ஊற்றும் பொதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தவரும் அவரே. மனிதர் மழுப்பவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, "கை என்னோடது. அவ இடத்துல அவ உட்காரட்டும்" என்றார்.

நீ சும்மா இருப்பாயா? "இந்த மீனு காசிமேட்டுல காலே வெச்சதில்ல சார்." மீனுக்கு ஏதடி கால் என்று கூடமே சிரித்தது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "பருப்பு நிறுக்கட்டா, உன் சிநேகிதி கதையைக் கேட்கட்டா?" என்று அப்பா அலுத்துக்கொண்டார். நீயோ டீக்கடையில் ஒரே வார்த்தையில் முடித்தாய்: "இன்மே எலுமிச்ச ஊறுகாய்க்குத்தான்டி." மறுநாளிலிருந்து சாதாரண சோப்பு போட்டுக் கழுவிய கையோடு வந்தாய், லேசான கவிச்சையோடு.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் கையைப் பிடித்தபோது மருந்து வாசனைதான் வந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இன்று மத்தியானம் வெறுங்குழாயில் மறுபடி கோடு விழுந்தது. இப்போதைய மேலதிகாரி புதியவர். அவர் கண் நேராக அந்தப் பெண்ணின் கைக்குப் போனது. அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். நான் எழுந்தேன். "மொதல்ல அது இன்னா மீனுன்னு பாருங்க சார். கைய அப்பால பாக்கலாம்."

என் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. கூடமே திரும்பிப் பார்த்தது. அவரும் சரியென்றார். எந்த மீன் என்று பார்க்கக் குழாயை அனுப்பியிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை. அவள் வீட்டு மீனே வந்தாலும் வரட்டும். என்ன மீன் என்று கேட்ட பிறகு வரட்டும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, நீங்களும் எங்க பக்கமா?"

"இல்லம்மா, நான் காலடிப்பேட்டை" என்றேன். "என் தோஸ்துதான் காசிமேடு."