பத்து நிமிட நுரை

மகளே,

உன் நாய்க்கு வயிறெல்லாம் சொறி. முடி கொட்டி, தோல் தடித்துக் கிடக்கிறது. அதற்கும் வயதாகிவிட்டது, எனக்கும் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

டாக்டர் கொடுத்த மருந்து ஷாம்பூவைப் போட்ட கையோடு கழுவிவிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாகியும் குறையவில்லை. "பத்து நிமிஷம் ஊறணும் சார். உடனே கழுவினா மருந்து சாக்கடைக்குத்தான் போகும்" என்று கடிந்துகொண்டார்.

பத்து நிமிடம் அது எங்கே நிற்கிறது? உதறி உதறி என் சட்டையெல்லாம் நுரை. "சும்மா நில்லு சனியனே!" என்று கத்தினால் வெளியே ஓடுகிறது. கத்தினால் யார்தான் நிற்பார்கள்?

நீ கிளம்பிய அன்று நான் பேசியதைப் பற்றி எழுத உட்காரவில்லை. நாயைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அலுத்துப்போய், உன் பெயரைச் சொல்லி, "வந்துடுவாடா, கொஞ்சம் பொறு" என்றேன். காதைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. பத்து நிமிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சொறி அடங்கி வருகிறது. இன்னும் ஆறு குளியல் பாக்கி. அதற்குள் ஒருதடவை வந்துவிட்டுப் போ. நாயிடம் நான் பொய்யனாகிவிடக் கூடாது.

அப்பா